கம்பி இல்லாத அறையில் ஒரு மோடம்

புத்தாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று எங்கள் சங்கச் செயலாளர் கேட்டபோது, சோழரைப் பற்றியோ சங்கிலியனைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அவற்றை எழுத என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் ஊரில் றேடியோ திருத்தியவன். எனக்குத் தெரிந்தது கொழுவுகிற வேலை. ஒரு சாமானை இன்னொரு சாமானோடு கொழுவினால் என்ன நடக்கும் என்று பார்க்கிற வேலை. ஆகவே கைத்தொலைபேசியை, அதாவது ஜேர்மனியில் நாங்கள் எல்லோரும் சொல்கிற ஹன்டியை, மடிக்கணனியோடு கொழுவி இன்ரநெற் எடுக்கிற வித்தை எங்கிருந்து வந்தது என்று எழுதுகிறேன். "இதென்ன வரலாறு, பிள்ளையள் ஒவ்வொரு நாளும் செய்யிறதுதானே" எண்டு நீங்கள் சொல்லுவீர்கள். இதை ஒவ்வொரு நாளும் செய்ய விடாமல் எத்தனை பேர் மறித்தார்கள் என்பதை அறிந்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள்.

யாழ்ப்பாணத்தில் 1990 க்குப் பிறகு இருந்தவர்களுக்குக் கொழுவுகிற வேலையைப் பற்றி நான் சொல்லித் தரத் தேவையில்லை. மின்சாரம் இல்லை, பற்றறி தடை. சைக்கிளைக் கவிட்டு வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் எடுத்து றேடியோவில் கொழுவிச் செய்தி கேட்டோம். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் இழுபடும். டைனமோ லைற்றுக்குத்தான், றேடியோவுக்கு அல்ல என்று எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம்.

1995 ஒக்ரோபர் இடம்பெயர்வு, பிறகு வன்னி, பிறகு கொழும்பு என்று அலைந்து, 1997 இல் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தேன். ஹைமில் எண்பது பேருக்கு ஒரு ரெலிபோன், அதுவும் காசு போடுகிறது. இரண்டு வருடம் கழித்து ஒரு வீட்டின் கூரையடி அறைக்கு மாறினேன். கையில் இருந்தது டுல்டுங் மட்டும். அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு வீட்டுக்கு ரெலிபோன் கம்பி கேட்டு விண்ணப்பித்தேன். மூன்று மாதம் செல்லுபடியாகிற கடதாசிக்கு ஒரு வருட ஒப்பந்தம் தர ஏலாது என்று பதில் வந்தது. அவர்கள் கணக்கில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் என்னைப் போன்றவனுக்கு வேறு ஒரு வழி ஏற்கெனவே திறந்திருந்தது. 1997 இல் ஜேர்மனியில் முற்பண அட்டை போடுகிற ஹன்டி வந்துவிட்டது. ஒப்பந்தம் தேவையில்லை. எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு முதல் ரெலிபோன் அதுதான்.

2000 ஆம் ஆண்டு கடைசியில் எனது வழக்கு நிர்வாக நீதிமன்றத்தில் இருந்தது. ஊரிலிருந்து மூன்று பக்கக் கடிதம் ஒன்று வரவேண்டும். கொழும்பிலிருந்த தங்கச்சி அதை பாக்ஸில் அனுப்பினாள். வந்தது கரிக்கட்டை மாதிரி இருந்தது. எழுத்தும் இல்லை, முத்திரையும் இல்லை. "முத்திரை வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும்" என்று சட்டத்தரணி அம்மா சொல்லிவிட்டார். தபாலில் போட்டால் தவணை கடந்துவிடும். வெள்ளவத்தையில் ஒரு கொமினிகேஷன் கடையில் அதை ஸ்கான் பண்ணி ஈ-மெயிலில் அனுப்பலாம் என்று தங்கச்சி சொன்னாள். சரி, அனுப்பு என்றேன். அதை நான் எதால் எடுக்கிறது?

என்னிடம் பழைய சாமான் சந்தையில் வாங்கிய ஒரு மடிக்கணனியும், தெரிந்த பெடியன் ஒருவன் மலிவாக விற்ற சீமென்ஸ் எஸ்-35 ஹன்டியும் இருந்தன. இரண்டிலும் ஒரு கறுப்புக் கண்ணாடித் துண்டு இருக்கும். அதற்குப் பின்னால்தான் அகச்சிவப்புக் கதிர் விளக்கு. ரி.வி. றிமோட் வேலை செய்கிற அதே முறை. ஒரு மீற்றர் தூரத்துக்குள் இரண்டையும் நேருக்கு நேர் வைத்தால் ஒன்றையொன்று கண்டுபிடித்துக் கதைக்கும். பக்கத்து அறை அண்ணை வந்து பார்த்துவிட்டு, "என்னடாப்பா, மாப்பிள்ளை பொம்பிளை பாக்கிற மாதிரி வைச்சிருக்கிறாய்" என்றார்.

அந்த இணைப்பின் வேகம் செக்கனுக்கு 9,600 பிற். ஒரு மெகாபைட் இறங்க ஏறக்குறைய 14 நிமிடம். எனது மூன்று பக்கமும் ஒவ்வொன்றும் நாலு நிமிடம் பிடித்தன. நிமிடத்துக்கு நிமிடம் காசு. முதல் பக்கம் வந்தது. இரண்டாம் பக்கம் பாதியில் நிற்கும்போது எனது முழங்கை மேசையில் தட்டி ஹன்டி திரும்பிவிட்டது. மாப்பிள்ளை முகத்தைத் திருப்பினால் சம்பந்தம் குழம்பியதுதான். ஈ-மெயில் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து வரவேண்டும். மறுபடி எடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் அட்டையில் காசு முடிந்தது. இரவு பதினொன்றரை. அண்ணை தனது ஜக்கெற் பொக்கற்றில் வைத்திருந்த சுரண்டாத அட்டை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அவர் அதை வைத்திருந்தது ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு கதைக்க.

முத்திரை தெளிவாக வந்தது. வழக்கு வெண்டதோ எண்டு கேட்காதேங்கோ, அது இன்னும் நாலு வருசம் இழுபட்டது. ஆனால் அந்த இரவுக்குப் பிறகு இந்தப் பொருளைப் பற்றி எது கிடைத்தாலும் வாசிக்கிற பழக்கம் வந்துவிட்டது.

வாசித்ததில் எனக்கு முதல் ஆச்சரியம் தந்தது இதுதான். அன்றிரவு என்னுடைய ஹன்டி மோடமாக வேலை செய்யவேயில்லை! மோடம் என்றால் கணனியின் பிற்றுகளைச் சத்தமாக மாற்றி ரெலிபோன் கம்பியில் விட்டு, மறுமுனையில் சத்தத்தைத் திரும்பப் பிற்றாக மாற்றுகிற கருவி. பழைய மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தியது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஹன்டிக்குள் அந்தச் சத்தத்தை விட்டால் பயனில்லை. ஏனெனில் ஜி.எஸ்.எம். முறை மனிதக் குரலைச் செக்கனுக்கு 13,000 பிற்றுக்குள் சுருக்குவதற்காக, தொண்டையும் வாயும் எப்படிக் குரலை உண்டாக்கும் என்ற கணக்கை வைத்திருக்கிறது. மனிதக் குரல் இல்லாத எதையும் அது சிதைத்துவிடும். ஆகவே ஹன்டி பிற்றுகளைப் பிற்றுகளாகவே ஆகாயத்தில் அனுப்பும். உண்மையான மோடம், ஹன்டிக் கொம்பனியின் பரிவர்த்தனை நிலையத்துக்குள் ஒரு அலுமாரியில் இருந்தது. அது எனக்காகச் சாதாரண ரெலிபோன் கம்பியில் நம்பர் அடித்து, எனக்காகக் கீச்சுக் கீச்சென்று கத்தியது. கம்பி தரமாட்டோம் என்று சொல்லப்பட்ட எனக்கு, எங்கேயோ ஒரு கம்பி கிடைத்துத்தான் இருந்தது. எனது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஜி.எஸ்.எம். ஐ வடிவமைக்கிற வேலை ஐரோப்பாவில் 1982 இல் தொடங்கியது. 1991 யூலை 1 ஆந் திகதி பின்லாந்தில் முதல் அழைப்பு எடுக்கப்பட்டது. எடுத்தவர் அந்நாட்டின் முன்னாள் பிரதமர் ஹறி ஹொல்கேரி. ஜேர்மனியில் இரண்டு வலையமைப்புகளும் 1992 நடுப்பகுதியில் திறந்தன. 1994 இல் வந்த நொக்கியா 2110 க்கு மடிக்கணனியில் செருகுகிற அட்டையும் கேபிளும் தனியாக விற்றார்கள். அது வியாபாரிகளுக்கானது. எங்களைப் போன்றவர்களின் கைக்கு வந்தது, மோடம் வேலை ஹன்டிக்குள்ளேயே சேர்க்கப்பட்டு, அகச்சிவப்புக் கண்ணும் வைக்கப்பட்ட பிறகுதான்.

இதற்கு முந்திய கதை இன்னும் சுவையானது. ஜேர்மனியில் ரெலிபோன் முழுவதும் தபால் திணைக்களத்தின் சொத்தாக இருந்த காலம் ஒன்று இருந்தது. சுவரிலிருந்த கம்பியில் எதைக் கொழுவலாம் என்பதைத் தபால் திணைக்களம்தான் தீர்மானிக்கும். மோடம் வேண்டுமென்றால் அவர்களிடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத கருவியைக் கொழுவினால் சிறைத்தண்டனை வரைக்கும் சட்டத்தில் இடமிருந்தது. 1981 இல் பேர்லினில் தொடங்கிய கேயாஸ் கொம்பியூட்டர் கிளப் என்ற கணனிப் பைத்தியங்களின் சங்கம், 1985 இல் தனது புத்தகத்தில் வீட்டிலேயே மோடம் செய்கிற முறையை வரைபடத்தோடு வெளியிட்டது. கம்பியில் கொழுவத் தடை என்றால் காதில் கொழுவுவோம் என்பதுதான் உபாயம். ரெலிபோன் கைபிடியின் காதுப் பக்கமும் வாய்ப் பக்கமும் இரண்டு றப்பர் வளையத்துக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும், அவ்வளவுதான். அந்த அளவுக்குச் சரியான றப்பர் வளையம் கக்கூஸ் குழாய் பொருத்துகிற கடையில் கிடைத்தது. ஆகவே அதற்குத் "தரவுக் கக்கூஸ்" என்று டொச்சில் பெயரே வைத்துவிட்டார்கள். ஜேர்மன்காரருக்குப் பகிடி தெரியாது என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கவும். சைக்கிள் டைனமோவில் செய்தி கேட்ட எனக்கு அந்த வரைபடத்தைப் பார்த்தபோது சொந்தக்காரரைக் கண்டமாதிரி இருந்தது.

அமெரிக்காவிலும் இதே சண்டை முன்னரே நடந்து முடிந்திருந்தது. ரெக்சாஸ் மாநிலத்தில் தோமஸ் காட்டர் என்றொருவர், எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்கிறவர்களின் வயர்லெஸ் றேடியோவை ரெலிபோனோடு சேர்க்கிற ஒரு பெட்டி செய்தார். ரெலிபோன் கைபிடியை எடுத்துப் பெட்டிக்கு மேலே வைத்தால் போதும், வெட்டவெளியில் நிற்கிறவன் வீட்டோடு கதைக்கலாம். ஏ.ரி.அன்ட்.ரி. கொம்பனி, எங்கள் கம்பியில் வேற்றுக் கருவி கூடாது என்று மறித்தது. 1968 இல் அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு காட்டர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வலையமைப்புக்குக் கெடுதல் செய்யாத எந்தக் கருவியையும் மக்கள் கொழுவலாம் என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் வீட்டு மோடம் என்ற வியாபாரமே வளர்ந்திருக்காது. ஜேர்மனியில் கருவிகள் மீதான அந்த ஏகபோகம் 1990 இல்தான் ஒழிந்தது. குரல் அழைப்பின் ஏகபோகம் 1998 ஜனவரி 1 இல். நான் வந்து ஒரு வருடத்துக்குள்!

அந்த வியாபாரத்தில் வந்தவர்தான் டெனிஸ் ஹேய்ஸ். அவருடைய கொம்பனி 1981 இல் ஸ்மாட்மோடம் என்ற கருவியை விற்றது. கணனிக்கும் மோடத்துக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு வயர். அதில் போவது மறுமுனைக்கு அனுப்ப வேண்டிய தரவா, அல்லது மோடத்துக்கான கட்டளையா என்று மோடம் எப்படி அறியும்? ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் ஏ, ரி என்ற இரண்டு எழுத்தை வைத்தார்கள். "கவனி" என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துகள். ஏ.ரி. என்று எழுதினால் மோடம் "ஓகே" என்று பதில் எழுதும். ஏ.ரி.டி. என்று எழுதி நம்பரைப் போட்டால் நம்பர் அடிக்கும். அந்தக் கொம்பனி 1999 இல் முறிந்துபோய்விட்டது. ஆனால் ஜி.எஸ்.எம். ஐ வகுத்தவர்கள் அதே இரண்டு எழுத்தையே ஹன்டிக்கும் எடுத்துக்கொண்டார்கள். என்னுடைய எஸ்-35 இற்கும் மடிக்கணனி அந்த இரண்டு எழுத்தைத்தான் சொல்லியிருக்கிறது.

அதற்குப் பிறகு வேகம் வேகமாக ஏறியது, அதை நான் நீட்டவில்லை. 2000, 2001 இல் ஜி.பி.ஆர்.எஸ். வந்தது. நிமிடக் கணக்குப் போய்த் தரவின் அளவுக்குக் காசு என்றானது. அலுமாரிக்குள் இருந்த மோடத்துக்கும் வேலை குறைந்தது. புளூரூத் வந்ததும் ஹன்டியை முகம் பார்க்க வைக்கத் தேவையில்லை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டே தொடுக்கலாம் என்றானது. சுவீடனில் எரிக்சன் கொம்பனியில் 1994 இல் தொடங்கிய வேலை அது. பெயர் பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஒருவனுடையது.

மூன்றாம் தலைமுறை வலையமைப்புக்கான அலைவரிசைகளை 2000 ஓகஸ்டில் ஜேர்மன் அரசு ஏலம் விட்டது. ஆறு கொம்பனிகள் சேர்ந்து கொடுத்தது ஏறக்குறைய 5,000 கோடி இயூரோ. வாங்கிய ஆறில் இரண்டு அந்த வலையமைப்பைக் கட்டி முடிக்கவேயில்லை. இவ்வளவு காசைக் கொட்டியவன் சும்மா இருப்பானா? ஹன்டிக்கு ஒரு ஒப்பந்தம், மடிக்கணனிக்குச் செருகுகிற குச்சிக்கு இன்னொரு ஒப்பந்தம் என்று விற்கத் தொடங்கினார்கள். ஹன்டியில் எடுக்கிற தரவை மடிக்கணனிக்குக் கொடுத்தால் இரண்டாவது ஒப்பந்தம் யார் வாங்குவது? அதனால் பல ஒப்பந்தங்களில் சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்ந்தது: இந்தத் தரவு ஹன்டிக்கு மட்டும். ஆங்கிலத்தில் இந்தக் கொழுவலுக்கு ரெதறிங் என்று பெயர். அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் மாட்டைக் கட்டையில் கட்டுகிறது. எது கட்டை, எது மாடு, கயிறு யார் கையில் என்பதுதான் அடுத்த பத்து வருடச் சண்டை.

2007 இல் வந்த ஐபோனில் இந்த வசதி முதலில் இல்லை, 2009 இல்தான் சேர்த்தார்கள். அமெரிக்காவில் ஏ.ரி.அன்ட்.ரி. 2010 இல் இதைத் திறந்துவிட்டபோது மாதம் 20 டொலர் மேலதிகமாகக் கேட்டது. மேலதிகமாக ஒரு துளி தரவும் கொடுக்கவில்லை! அதே 2 கிகாபைட்டை வேறு கருவியில் பாவிக்க 20 டொலர். கடைக்காரன் ஒரு போத்தல் பால் விற்றுவிட்டு, கிளாஸில் ஊற்றிக் குடித்தால் இன்னும் காசு தா என்று கேட்கிற மாதிரி. இதே காலத்தில் பின்லாந்தில் ஜொய்க்கு என்ற சின்னக் கொம்பனி நொக்கியா ஹன்டியை வை-பை நிலையமாக்குகிற மென்பொருளை வெளியிட்டது. 2010 மே மாதம் கூகிளின் அன்ட்ரொயிட் 2.2 அதையே இலவசமாக ஹன்டிக்குள் வைத்துக் கொடுத்தது. இன்று பிள்ளைகள் ஹொட்ஸ்பொட் என்று சொல்வது அதுதான். 2012 யூலையில் அமெரிக்க ஆணைக்குழு வெறைசன் கொம்பனியிடம் 12.5 இலட்சம் டொலர் கட்ட வைத்தது, இப்படியான மென்பொருளை மறித்த விடயத்தில்.

ஐரோப்பாவில் 2015 இல் ஒரு சட்டம் வந்தது. இன்ரநெற்றை எந்தக் கருவியில் பாவிப்பது என்பது பாவிக்கிறவரின் உரிமை. ஆனாலும் வொடபோன் கொம்பனி ஜேர்மனியில் சில பாவனைகளுக்குத் தரவைக் கணக்கில் எடுப்பதில்லை என்று ஒரு சலுகை விற்றது. அதே பாவனையை ஹொட்ஸ்பொட் வழியாகச் செய்தால் மட்டும் கணக்கில் எடுத்தது. பாவனையாளர் அமைப்பு வழக்குப் போட்டது. வழக்கு டுசல்டோர்வ் மேல் நீதிமன்றத்திலிருந்து லுக்சம்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்குப் போனது. 2021 செப்ரெம்பர் 2 இல் அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ரெக்சாஸ் காட்டரின் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் 53 வருடம்.

இந்தச் சண்டை எங்களுக்கு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டின. எங்கள் பக்கத்து ஹைமில் எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெடியன் தாயோடு இருந்தான். வந்து ஒன்றரை வருடம். சங்கம் ஒரு பாவித்த மடிக்கணனி கொடுத்தது. ஹைமில் வை-பை இல்லை. "கேட்டனாங்கள், பாப்பம் எண்டு சொன்னவை" என்று தாய் சொன்னார். கம்பியும் இல்லை. இருபது வருடத்துக்கு முந்திய என்னுடைய அறையேதான்! நான் வெளியே கதவடியில் நின்றுகொண்டு, தாயின் ஹன்டியில் ஹொட்ஸ்பொட் எப்படிப் போடுகிறது என்று சொல்லிக் கொடுத்தேன். ஜன்னலில் வைத்தால்தான் சிக்னல். தாய்க்கு யாராவது கோல் எடுத்தால் பிள்ளையின் வகுப்பு அறுந்துபோகும். அதனால் காலை எட்டிலிருந்து ஒரு மணி வரைக்கும் அந்தத் தாய்க்கு எவரும் ரெலிபோன் எடுக்கக் கூடாது என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அறிவித்தோம்.

ஒரு கிழமைக்குள் மாதத் தரவு முடிந்துவிட்டது. அதன் பிறகு வேகத்தைச் செக்கனுக்கு 64 கிலோபிற்றுக்குக் குறைத்துவிடுவார்கள். அந்த வேகத்தில் ஒரு கிகாபைட் இறங்க ஏறக்குறைய 35 மணித்தியாலம் வேண்டும். ஆசிரியையின் முகம் திரையில் ஒரு பக்கத்துக் கண்ணோடு நின்றுவிட்டது என்று பெடியன் சொன்னான். வேடிக்கை என்னவென்றால் 64 கிலோபிற் என்பது ஐ.எஸ்.டி.என். கம்பியின் ஒரு பாதையின் வேகம். நான் ஜேர்மனிக்கு வந்த நேரம் வசதியான வீடுகளில் அதைப் பெருமையாகச் சொல்லுவார்கள்.

சங்கத்தில் ஆறு பேர் சேர்ந்து அளவில்லாத தரவுள்ள சிம் அட்டை ஒன்றுக்கு மாதாமாதம் காசு போட்டோம். நான் முதலில் பார்த்தது விலையை அல்ல, சின்ன எழுத்தை. ஹொட்ஸ்பொட்டுக்குத் தடை இல்லை என்று கண்ட பிறகுதான் கையெழுத்து வைத்தேன். 2000 ஆம் ஆண்டு அட்டை தந்த அந்த அண்ணையும் ஆறு பேரில் ஒருவர். இப்போது அவருடைய மனைவி இங்கேதான் இருக்கிறார். காசைத் தந்தது அந்த அக்காதான்.

பெடியன் பத்தாம் வகுப்பு முடித்து, மின்னணுவியலில் அவுஸ்பில்டுங் செய்கிறான். போன மாதம் வீட்டுக்கு வந்தவன் எனது லாச்சிக்குள் எஸ்-35 ஐக் கண்டுவிட்டான். பற்றறி ஊதிப்போய்க் கிடந்தது. வெளியிலிருந்து கரண்ட் கொடுத்து, பழைய கேபிளில் கொழுவி, ஏ.ரி. என்று எழுதச் சொன்னேன். எழுதினான். "ஓகே" என்று பதில் வந்தது. "மாமா, இது இன்னும் கதைக்குது" என்றான். அந்த இன்ரநெற் நம்பர் எனக்கு இன்னும் பாடம். ஏ.ரி.டி. போட்டு அதை அடிக்கச் சொன்னேன். சிம் அட்டை இல்லாத ஹன்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "நோ கரியர்" என்று எழுதியது. அதுவும் ஹேய்ஸ் 1981 இல் எழுதி வைத்த பதில்தான்.